பதினைந்து பாஸ்கலும் பதினொரு ‘வாரேன்’களும்

என் மேசைக்கு இடப்புறச் சுவரில் ஒரு முள் இருக்கிறது. உள்ளங்கை அகல வட்டக் கண்ணாடிக்குப் பின்னால், சிவப்பு நிறத்தில். அது பதினைந்தில் நின்றால் எனக்குச் சாப்பிட்டது செரிக்கும். பத்துக்குக் கீழே போனால் செரிக்காது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முள்ளையும் வயிற்றையும் தனித்தனியே டைரியில் குறித்து வருகிறேன், இரண்டும் பொருந்துகின்றன.

நான் வேலை பார்க்கும் ஆலை விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் இருக்கிறது. அறுவை சிகிச்சையில் தைக்கும் நூலை ஊசியோடு பொருத்தி, உறையில் அடைத்து அனுப்புகிறோம். அந்த வேலை நடக்கும் அறைக்குள் தூசி இருக்கக் கூடாது. வெளியே லாரிகள், மரக்கடை, எப்போதும் பாதி தோண்டிய நிலையில் ஒரு சாலை. ஆகவே மொட்டை மாடியில் ஓர் இயந்திரம் காற்றை இழுத்து, மூன்று வடிகட்டிகள் வழியே அனுப்பி, கூரையிலிருந்து மெதுவாக அறைக்குள் இறக்குகிறது. வெளியேறும் காற்றைவிட உள்ளே வருவது சற்று அதிகம். அதனால் அறைக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கதவில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் பாயும். தூசியால் அதை எதிர்த்து வர முடியாது. அந்தக் கூடுதலைத்தான் என் முள் காட்டுகிறது. பதினைந்து பாஸ்கல் என்பது பெரிய பலம் ஒன்றும் இல்லை. ஒரு குழாயில் தண்ணீரை ஒன்றரை மில்லிமீட்டர் தூக்கும், அவ்வளவுதான். இந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் காவல் காப்பதற்குத்தான் எனக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

அறைக்குள் பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். பவுடர், பூ, பொட்டு, திருநீறு, வளையல் எதுவும் கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. கண்கள் மட்டும் தெரியும். அறைக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே உடை மாற்றும் சின்ன அறை ஒன்று உண்டு. அதற்கு இரண்டு கதவுகள்; ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். உள்கதவு திறந்திருக்கும்வரை முள் கீழே கிடக்கும். ஆள் போய்க் கதவு சாத்தியதும் எழுந்துவிடும். ஆறு விநாடி, ஏழு விநாடி என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அரை நிமிடத்துக்கு மேல் கிடந்தால் அது குறை.

சென்ற ஆடி மாதக் கடைசியில் அந்தக் குறை வந்தது. நாளுக்கு நான்கு வேளை முள் விழுந்து, அரை நிமிடத்தைத் தாண்டிக் கிடந்தது. அதே வாரத்தில், எங்கள் நூலை வாங்கும் சென்னை நிறுவனத்திலிருந்து கடிதமும் வந்தது. மூன்று வாரம் கழித்து ஆய்வு. மூன்று நாள் இடைவிடாத அழுத்தப் பதிவு வேண்டும். மூன்றாம் நாள் ஆய்வாளர் நேரில் வருவார். ஒரு குறை இருந்தாலும் வேலை முழுவதும் கோயம்புத்தூரில் உள்ள இன்னோர் ஆலைக்குப் போய்விடும். எங்கள் அறையைப் பூட்டிவிடுவார்கள். பதினொரு பேரில் ஒருவர்கூடக் கோயம்புத்தூருக்குக் குடிபோகிற நிலையில் இல்லை.

முதலில் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பசுமலையிலிருந்து வருபவர். மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்தார்.

“அண்ணே, மெசின்ல ஒண்ணுமில்ல. பெல்ட்டு புதுசு, ஃபில்ட்டர் சுத்தம். இதெல்லாம் ஆடிக் காத்துண்ணே. வெளிய அடிக்கிற அடிக்கு உள்ள முள்ளு ஆடுது.”

“பத்து முப்பது, பன்னெண்டே முக்கா, மூணு பத்து, அஞ்சரை. இந்த நாலு நேரத்துல மட்டும்தான் விழுது. ஆடிக் காத்து டீ நேரம் பாத்தா அடிக்கும்?”

“அதுக்கும் டீ குடிக்கணும்லண்ணே” என்றார் அவர்.

அவர் போன பிறகு டைரியில் அந்த நான்கு நேரங்களையும் கோடிட்டுப் பார்த்தேன். காலையில் பதினொரு பேரும் உள்ளே நுழையும்போது முள் ஒழுங்காக இருக்கிறது. வெளியே போகும்போதுதான் விழுகிறது. நுழைவதும் அதே கதவு, போவதும் அதே கதவு. இது எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் பத்து இருபத்தைந்துக்கு நிறுத்துக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, அறையைப் பார்க்கும் கண்ணாடிச் சன்னல் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பத்து முப்பதுக்கு முதல் மூன்று பேர் தேநீருக்கு எழுந்தார்கள். முதலாமவர் உள்கதவைத் திறந்தார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. கதவு தானாக மூடிக்கொள்ளாதபடி இடுப்பால் முட்டுக்கொடுத்தார். பிறகு அறைப் பக்கம் திரும்பினார்.

“பெரியக்கா, வாரேன்!”

பெரியக்கா என்பவர் பதினொரு பேரில் மூத்தவர், செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பூதக்கண்ணாடியில் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்குக் காற்று இறங்கும் இரைச்சலில் காதில் விழவில்லை.

“பெரியக்கோவ்! வாரேன்!”

“வா த்தா, வா.”

“மதினி, வாரேன்!”

“வாங்க, வாங்க.”

“ஏய் புள்ள, வாரேன்டி!”

“எனக்கொரு வடை எடுத்து வையி.”

“உளுந்த வடையா, பருப்பு வடையா?”

இப்படி எட்டுப் பேரிடமும் சொல்லி, எட்டுப் பேரிடமும் பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்தவர் வாசலுக்கு வந்தார். கதவை முன்னவர் இடுப்பிலிருந்து தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவரும் முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாமவர் சௌராஷ்டிரப் பெண். அவருடைய நாத்தனாரும் அதே அறையில் வேலை பார்க்கிறார். ஆகவே எல்லோருக்கும் தமிழில் ஒரு முறை, நாத்தனாருக்கு மட்டும் அவர்கள் வீட்டு மொழியில் தனியாக ஒரு முறை. கடிகாரத்தை நிறுத்தினேன். ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி. முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

அவர்கள் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். வரும்போது ஒரு வார்த்தை கிடையாது. ஆறு விநாடியில் கதவு மூடியது.

அன்று மாலை கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். கோயம்புத்தூரையும் சொன்னேன். எல்லோர் முகமும் வாடிவிட்டது. ஆனால் குறை எது என்று சொன்னதும் யாருக்கும் புரியவில்லை.

“டீ குடிக்கத்தானே போறீங்க? கால் மணி நேரத்துல திரும்பி வந்துருவீங்க. அதுக்கு எதுக்கு இம்புட்டு விடை?” என்று கேட்டேன்.

“சொல்லாம எந்திரிச்சுப் போனா நல்லாவா சார் இருக்கும்?” என்றார் பெரியக்கா. “கோவிச்சுக்கிட்டுப் போறாப்புல இருக்கும்ல.”

“சரி, இருந்த இடத்துலயே சொல்லிட்டு எந்திரிக்கலாமே. ஏன் வாசல்ல நின்னு சொல்லணும்?”

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

“உக்காந்துக்கிட்டே எப்படி சார் வாரேன்னு சொல்றது? அப்ப இன்னும் கெளம்பலைல?” என்றார் சௌராஷ்டிரப் பெண். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினேன்: ‘கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசக் கூடாது.’ அவர்கள் பேசவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கையை ஆட்டினார்கள். பேச்சாவது காதில் விழும். கையாட்டலுக்கு மற்றவர் தலை நிமிர வேண்டும். பூதக்கண்ணாடியில் குனிந்திருப்பவர் நிமிரும்வரை ஆட்டிக்கொண்டே நின்றார்கள். இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. அறிவிப்பைக் கிழித்தேன்.

அடுத்த நாள் முழுத் தடை. சொல்லவும் கூடாது, ஆட்டவும் கூடாது. எழுந்தால் நேரே போய்விட வேண்டும். முள் நாள் முழுவதும் அசையவில்லை. எனக்கு நன்றாகச் செரித்தது. ஆனால் மதியம் கேன்டீனிலிருந்து சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் சௌராஷ்டிரப் பெண்ணும் அவர் நாத்தனாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“காலைல சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போனீகள்ல? இப்ப ஊறுகா மட்டும் வேணுமாக்கும்?” என்றார் நாத்தனார்.

“சார்தான சொல்லக் கூடாதுன்னாரு?”

“சார் சொன்னா? நம்ம வீட்டுக்குச் சாரா வந்து பதில் சொல்லுவாரு?”

அன்று மாலைக்குள் பதினொரு பேரில் நான்கு பேர் மற்ற மூன்று பேரோடு பேசவில்லை. யார் யாரோடு என்று ஒரு கட்டம் போட்டு எழுதி வைத்தேன். ஊசி பொருத்துவதிலும் தவறு கூடியது. தடையை நீக்கினேன்.

பிறகுதான் மஞ்சள் கோடு. கதவிலிருந்து மூன்று அடி உள்ளே தரையில் ஒரு நாடா ஒட்டினேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளலாம், எவ்வளவு நேரமானாலும். கோட்டைத் தாண்டினால் பேச்சு இல்லை. இது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வாசல் போலவும் இருந்தது, வாசலாக இல்லாமலும் இருந்தது. கோட்டின் மேல் நின்று நெடுநேரம் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கோட்டைத் தாண்டிக் கதவைத் திறக்கும் நொடியில்தான் உள்ளே இருப்பவர்களுக்குப் புதிதாக ஏதாவது ஞாபகம் வந்தது.

“ஏய், வாரப்ப என் போன்ல யாரும் கூப்ட்ருக்காகளான்னு பாத்துட்டு வா!”

போனவர் திரும்பிப் பார்த்து, இடுப்பால் கதவைத் தாங்கி, “எந்தப் பையில?” என்பார். முள் விழும்.

இதற்கு வழி சொன்னவர் பெரியக்காதான். “மொகத்தப் பாத்தாத்தான சார் பேச்சு வருது? அவ கோட்டத் தாண்டுனதும் நாங்க எல்லாரும் செவத்தப் பாத்துத் திரும்பிக்கிறோம். முதுகுக்கு என்னத்தப் பேச?”

ஒத்திகை பார்த்தோம். ஒருவர் கோட்டைத் தாண்டுவார். மற்றவர்கள் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்புவார்கள், சுவரைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி. கதவு மூடிய சத்தம் கேட்டதும் திரும்பி உட்காருவார்கள். ஐந்து விநாடி. நாளுக்கு நாள் அவர்கள் திரும்புவது ஒரே வீச்சாகி, அணிவகுப்பு போல ஆகிவிட்டது.

ஆய்வு நாள் நெருங்கியபோது ஒரு சிக்கல் தெரிந்தது. பதினொரு பேரில் இளையவர் ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்றாம் நாளுக்கு மறுநாள் அவருக்கு வளைகாப்பு. கண்ணாடி வளையல் போட்டபின் அறைக்குள் வர முடியாது, பிரசவம் வரை வளையலைக் கழற்றவும் மாட்டார்கள். ஆகவே மூன்றாம் நாள்தான் அவர் வேலைக்கு வரும் கடைசி நாள். அன்று பகல் பன்னிரண்டுக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று அவர் அப்பா நேரம் குறித்திருந்தார். ஆய்வாளர் பதினொரு மணிக்கு வருகிறார். தேநீருக்குப் போவதற்கே இவ்வளவு விடைபெற்றவர்கள், பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவரை எப்படி அனுப்புவார்கள் என்று நினைத்தபோது எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

முடிவில், அன்று காலை வேலை தொடங்குமுன்னே சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து விடைபெற்றுவிடுவது என்று பேசி முடித்தோம். அங்கே காற்றுக்குக் கணக்கு கிடையாது. எட்டு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். கட்டிப்பிடித்தார்கள், கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள், ஐந்தாறு பேர் அழுதார்கள். “போயிட்டு வாரேன்க்கா” என்று இளையவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். எட்டு இருபதுக்கு முடிந்தது. பிறகு எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு அவரோடு சேர்ந்தே அறைக்குள் வேலைக்குப் போனார்கள்.

அதில் ஒரு சங்கடம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாட்டுத்தாவணியில் ஒருவரை பஸ் ஏற்றிவிட்டு, சன்னல் வழியே எல்லாம் பேசித் தீர்த்த பிறகும் பஸ் கிளம்பாமல் நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்த மூன்று மணி நேரத்துக்கு மேலும். விடைபெற்றுவிட்டவரிடம் மறுபடி என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இளையவர் கத்தரிக்கோல் கேட்டபோது பெரியக்கா பார்க்காமலே எடுத்து நீட்டினார்.

பதினொன்று ஐந்துக்கு ஆய்வாளர் வந்தார். சென்னைக்காரர், மெல்லிய குரல். முதல் இரண்டு நாள் பதிவுகளைப் பார்த்தார். கோடு நேராக இருந்தது. தலையசைத்துவிட்டுச் சன்னல் பக்கம் வந்து என் அருகே நின்றார். பதினொன்று நாற்பதுக்கு இளையவர் எழுந்தார். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மெதுவாக நடந்து மஞ்சள் கோட்டின் மேல் வந்து நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, காலையிலேயே சொல்லியாகிவிட்டது. அவர் கோட்டைத் தாண்டினார். பத்துப் பேரும் ஒரே வீச்சில் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள்.

இளையவர் கதவின் பிடியில் கைவைத்தவர் திறக்காமல் நின்றுவிட்டார். திரும்பி அந்தப் பத்து முதுகுகளையும் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். பதினைந்து. அவர் வாய் திறந்தால் பத்துப் பேரும் திரும்பிவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பினால் யாரும் அவரை லேசில் விடமாட்டார்கள். கதவு திறந்தது. வெளியே போனார். கதவு மூடியது. முள் விழுந்து, எழுந்து, பதினைந்தில் நின்றது. ஏழு விநாடி.

கதவு மூடிய பிறகும் பத்துப் பேர் திரும்பவில்லை. சிலருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முகமூடியைத் தொடக் கூடாது என்பதால் கண்ணைத் துடைக்க முடியாமல் அப்படியே காயவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

“அந்தப் பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணிடுச்சா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“இல்ல சார். நாளைக்கு வளைகாப்பு.”

“வளைகாப்புக்குப் போற பொண்ண யாராவது இப்படி அனுப்புவாங்களா? ஒருத்தர்கூட மொகம் குடுக்கலையே!”

“ரொம்பப் பிரியம் சார். அதனாலதான் திரும்பிக்கிட்டாங்க.”

நான் தொடக்கத்திலிருந்து விளக்கினேன்: இடுப்பு, வடை, கையாட்டல், ஊறுகாய், மஞ்சள் நாடா. விளக்க விளக்க அது மோசமாகத்தான் ஒலித்தது. பன்னிரண்டு ஐந்துக்கு அவர் குறிப்பேட்டை மூடிவிட்டார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. அழுத்தம்: குறை இல்லை. காற்றின் தூய்மை: குறை இல்லை. அறை தொடர்ந்து இயங்கலாம். அதற்குக் கீழே ஒரே ஒரு குறிப்பு: ‘கர்ப்பிணி ஊழியரை மற்ற ஊழியர்கள் ஒதுக்கிவைப்பது நேரில் காணப்பட்டது. சக ஊழியரிடம் பேசிப் பழகுவது குறித்து அனைவருக்கும் பயிற்சி அளித்து, எழுத்துத் தேர்வு நடத்தி, விடைத்தாள்களை ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அனுமதி நிறுத்தப்படும்.’

மூன்று வாரம் அவர்களைப் பேசாமல் இருக்கப் பழக்கிய நானே பயிற்சியாளர். சனிக்கிழமை பிற்பகல், கேன்டீனில், பத்துப் பேர். பேசிப் பழகுவது எப்படி என்று அரை மணி நேரம் பேசினேன். அதுவரை அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருந்தது. பிறகு கேள்வித்தாள் கொடுத்தேன். முதல் கேள்வி: ‘உங்கள் சக ஊழியர் அறையை விட்டுக் கிளம்பும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?’

பத்துத் தாளிலும் ஒரே விடை. ‘சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்போம்.’ பெரியக்கா மட்டும் கூடுதலாக ‘ஒரு முழம் தள்ளி’ என்று எழுதியிருந்தார்.

சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விதிப்படி பத்தும் முழுமதிப்பெண். இதை அப்படியே சென்னைக்கு அனுப்பினால் அறையைப் பூட்டிவிடுவார்கள். தவறு என்று போட்டால் திங்கட்கிழமையிலிருந்து ஒருவரும் சுவர்ப் பக்கம் திரும்பமாட்டார்கள், முள் விழும்.

“என்ன சார், எல்லாருமே ஃபெயிலா?” என்றார் சௌராஷ்டிரப் பெண்.

“சரிதான். ஆனா சரியில்ல.”

“என்ன எழுதணும்னு நீங்களே சொல்லிப்புடுங்க சார்” என்றார் பெரியக்கா. “எழுதித் தாரோம். இதுக்குப் போயி எம்புட்டு நேரம் பேனாவையே பாத்துக்கிட்டு இருப்பீக?”

புதுத் தாள் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள்: ‘மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, அவர் போதும் என்று சொல்லும்வரை அன்பாகப் பேசி அனுப்புவோம். அதன் பிறகு எங்கள் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொள்வோம்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. வரிசையை மட்டும் சரிப்படுத்தினேன். பழைய தாள்களைக் கிழிக்க மனம் வராமல் டைரிக்குள் வைத்துக்கொண்டேன்.

விடைத்தாள்கள் திங்கட்கிழமை தபாலில் போயின. அடுத்த வாரம் பதில் வந்தது. குறிப்பு நீக்கப்பட்டது, அனுமதி இரண்டு ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. கடிதத்தைச் சன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமாக, எழுத்து உள்ளே தெரியும்படி ஒட்டினேன். பத்துப் பேரும் எழுந்து வந்து படித்தார்கள். பெரியக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னவோ சொன்னார். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. முள் பதினைந்தில் இருந்தது. நானும் தலையை ஆட்டிவைத்தேன்.